மன்னிப்புக்கு வந்த தேயிலை

உட்கார்ந்து பேசு என்று என் வீட்டுக்காரர் சொல்லாத நாளில்லை. எனக்கு அது வராது. கல்லூரிக் காலத்தில் நானூறு மீட்டர் ஓடிய கால்கள். ஓட்டம் நின்று வருஷங்கள் ஆகியும் அவை ஓரிடத்தில் நிற்க ஒப்புக்கொள்வதில்லை. பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் பாதி வழியில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வேன். கோபம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அந்தக் கோடை முழுக்க நான் அப்படித்தான் நடந்தேன். காரணம் ஒரு பொட்டலம் தேயிலை.

பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் நான் தடகளப் பயிற்சியாளர். நிரந்தர வேலை இல்லை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். வீடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எருத்தேன்பதியில். காலையில் வீட்டில் கொங்குத் தமிழில் சண்டை போட்டுவிட்டு ஸ்கூட்டரில் ஏறினால், கல்லூரி கேட்டுக்குள் நுழையும்போது மலையாளத்துக்கு மாறியிருப்பேன். எங்கள் விளையாட்டுத் துறைத் தலைவர் மட்டும் என்னிடம் தமிழில் பேசுவார். டவுனில் பழைய கோயில் தெருக் குடும்பம் அவருடையது. பேச்சில் மரியாதை வழியும். ஷட்டில் ஆடி வந்தவர். கூரைக்குக் கீழே, கதவைச் சாத்திக்கொண்டு, காற்று வராமல் ஆடுகிற ஆட்டம் அது. சீனியாரிட்டியில் தலைவர் நாற்காலிக்கு வந்தார், ஓட்டக்காரர்களும் அவர் கையில் வந்து சேர்ந்தார்கள்.

கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்படிச் சொல்ல முடியாது. பிள்ளைகளின் ஊர், வீட்டு நிலைமை எல்லாம் அவருக்கு மனப்பாடம். யாருக்காவது காய்ச்சல் என்றால் வீட்டில் ரசம் வைத்து ஃபிளாஸ்கில் எடுத்து வருவார். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டால் சிரித்துக்கொண்டே வேறு எதையாவது சொல்லிவிடுவார், எதிரில் இருப்பவர் சமாதானமாகிப் போகும்படியான எதையாவது. அந்தப் பழக்கத்தால்தான் இத்தனையும் நடந்தது.

அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. "மலைக் கொழந்தைகளுக்கு நுரையீரல் பெரிசாக்கும் டீச்சர். எங்கே கொண்டுவந்து விட்டாலும் ஓடுவா" என்பார். அதற்காகவே இடுக்கி எஸ்டேட் பக்கமிருந்து பிள்ளைகளைத் தேடிப்பிடித்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ப்பார். அப்படி வந்தவள்தான் ஏலப்பாறைப் பெண். ஐயாயிரம் மீட்டர் ஓடுபவள். ஒல்லி, வாய்த்துடுக்கு. பாலக்காட்டுக்கு வந்த புதிதில் ஹாஸ்டல் ஃபேனுக்குக் கீழே நின்று, "என்ன டீச்சர், இதுல சுடுகாத்துதான வருது, நிப்பாட்டிரவா?" என்று கேட்டாள். அந்தக் குறும்புக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

மார்ச் மாதத்தில் பல்கலைக்கழகப் போட்டிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அவள் ஓட வேண்டிய ஓட்டம் நண்பகலையொட்டி வைக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வந்தது. உடனே தலைவர், வெயில் பழக வேண்டும் என்று பயிற்சியைக் காலையிலிருந்து நண்பகலுக்கு மாற்றினார். எங்கள் தோட்டத்தில் அந்த நேரத்தில் மாட்டைக்கூட வெயிலில் விட மாட்டோம், நிழலில் பிடித்துக் கட்டிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்போம். அப்படி மாற்றிய அன்றைக்கு நான் வாலிபால் அணியோடு திருச்சூரில் இருந்தேன். இருந்திருந்தால் மைதானத்தின் குறுக்கே படுத்தாவது தடுத்திருப்பேன். ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும் என்பது அவர் எங்கோ கேட்டு வைத்திருந்த இன்னொரு சாஸ்திரம். பாட்டில்களையெல்லாம் ஆபீஸ் அறையில் வைத்திருந்தார். அவள் ஓட்டத்துக்கு நடுவே தண்ணீர் கேட்டிருக்கிறாள். முடித்துவிட்டுக் குடிக்கலாம் என்றிருக்கிறார். இன்னொரு சுற்று போய்த் திரும்பி வந்து மறுபடி கேட்டிருக்கிறாள். அதற்கும் அதே பதில். வளைவில் கால் பின்னி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

நான் மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுக்கு நினைவு திரும்பியிருந்தது, ஆனால் என்னை யாரென்று சொல்லத் தெரியவில்லை. அணிப் பெண்கள் வராந்தாவில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள்தான் மைதானத்தில் நடந்ததை என்னிடம் சொன்னார்கள், அதுவும் தலைவர் கேண்டீனுக்குப் போயிருந்த சமயம் பார்த்து. அவர் திரும்பி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, அழுதிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள், "அவா ஆத்துக்கு போன் பண்ணிச் சொல்லியாச்சு. காலம்பற ஒண்ணும் சாப்பிடாமல் ஓடிட்டா, மயக்கம் போட்டுடுத்துன்னு" என்றார்.

"சாப்புடலைன்னு ஆருங்க சார் சொன்னது?" என்றேன்.

"அப்பாவாச்சே, தாங்கணுமே. இப்போ அதெல்லாம் கேட்கற நேரமா டீச்சர்?" என்று சொல்லி டாக்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

அவள் சாப்பிட்டிருந்தாள். புட்டும் கடலைக்கறியும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண் என் எதிரில்தான் நின்றாள்.

அவள் பிழைத்தாள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும், பார்த்துப் பார்த்து மறுபடி ஓடலாம் என்று டாக்டர் சொன்னார். தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கும் அவள் அப்பா வந்து ஊருக்கு அழைத்துப்போனார். அடுத்த வாரம், ஹாஸ்டலில் இருந்த அவள் பெட்டியை எடுக்க அவர் மட்டும் திரும்பி வந்தார். அன்றுதான் அந்தத் தேயிலை வந்தது.

நான் துறை அறைக்குள் நுழைந்தபோது அவர் தலைவரின் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார். மடித்துக் கட்டிய கைலியைக் கீழே இறக்கிவிட்டு, தோளை ஒடுக்கிக்கொண்டு, ஒரு பெரிய தேயிலைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தார். கூடவே ஒரு சின்னப் பையில் ஏலக்காய்.

"சார், எம் புள்ள செஞ்சதுக்கு நாங்க மன்னிப்புக் கேட்டுக்கிறோம். சின்னதுலருந்தே அப்பிடித்தான் சார். கஞ்சியக் குடிக்காம பள்ளிக்கூடத்துக்கு ஓடிரும். எவ்வளவோ அடிச்சிருக்கேன். அது பண்ண கோளாறுக்கு உங்களுக்கும் காலேஜுக்கும் கெட்ட பேரு. மனசுல வச்சுக்காதீங்க சார்."

தலைவர் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். "பரவாயில்லை, கொழந்தைதானே" என்றார். பொட்டலத்தை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. "அண்ணா, புள்ள சாப்புட்டுட்டுத்தானுங்க ஓடுச்சு. தண்ணி கேட்டதுக்குத்தான் குடுக்கலீங்க" என்று நான் சொன்னேன். நன்றாகச் சத்தமாகவே சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். தலைவர் மெதுவாக, "டீச்சர் அன்னிக்கு இங்கே இல்லை. திருச்சூர்லேன்னா இருந்தா" என்றார். அது உண்மைதான், பொய் சொல்லவில்லை. அவள் அப்பா எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். என் பிள்ளைக்காகப் பரிந்து பேசுகிறாயே தாயே என்பதுபோல் ஒரு சிரிப்பு அவர் முகத்தில்.

நான் சும்மா இருக்கவில்லை. பிரின்சிபலிடம் போனேன். விசாரணைக் கமிட்டி போட்டார்கள். ஆசிரியர் யூனியன்கள் இரண்டும் தலைவரின் பக்கம். மாணவர்கள் ஒரு நாள் கோஷம் போட்டு வகுப்பைப் புறக்கணித்தார்கள், மறுநாள் யூத் ஃபெஸ்டிவல் வேலை வந்ததும் மறந்துபோனார்கள். கமிட்டி அணிப் பெண்களைக் கூப்பிட்டு விசாரித்தது, தலைவரையும் அதே அறையில் உட்கார வைத்துக்கொண்டு. விளையாட்டுக்கான கிரேஸ் மார்க்குக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கமிட்டிக்காரர்களுக்குப் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் டீயும் வந்தது. டீ, அந்தப் பொட்டலத்தில் போட்டது. மணம் பிரமாதம், எங்கிருந்து வாங்கினீர்கள் என்று ஒருவர் கேட்டார். தலைவர் ஏலப்பாறை என்றார். அவர் குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

விசாரணையின் முடிவில் குற்றவாளி கிடைத்தது. பாலக்காட்டு வெயில். அசாதாரணமான வெப்பமே காரணம், யாருடைய கவனக்குறைவும் இல்லை என்றார்கள். தீர்வும் சொன்னார்கள். மைதானத்தைச் சுற்றி மரம் நட வேண்டும். முதல் வேப்பங்கன்றைத் தலைவரே நட்டார், ஃபோட்டோ எடுத்தார்கள். கன்று வெயில் தாங்காது, காலையும் மாலையும் முறைவைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அணிப் பெண்களுக்கு உத்தரவு போட்டார். அவர்களும் பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து ஊற்றினார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் கேண்டீன் பக்கம் போய் நடந்தேன். பிரின்சிபல் எதிரில் வந்தார். "டீச்சரே, அது கழிஞ்ஞில்லே. இனி விட்டு களயூ" என்றார். அது முடிந்துவிட்டதாம், நான் விட்டுவிட வேண்டுமாம்.

எப்படி விட? தினமும் மதியம் அறையில் டீ கொதிக்கும். கதவுக்கு வெளியிலேயே மணம் வரும். எல்லோரும் ஊதி ஊதிக் குடிப்பார்கள். தலைவர் எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைப்பார், உண்மையான அன்போடு. "கொஞ்சம் உட்காருங்கோ டீச்சர், ஏன் இப்படி நடந்துண்டே இருக்கேள்?" என்பார். நான் தொட மாட்டேன். அது ஆறி, ஆடை கட்டி, அப்படியே இருக்கும். வீட்டுக்குப் போனாலும் டீத்தூள் டப்பாவைத் திறக்கும்போது எரிச்சல் வரும். வீட்டுக்காரர் காப்பிக்கு மாறிவிடலாமா என்று கேட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. அப்பா அவளைத் திருப்பி அனுப்புவதாக இல்லை. கட்டப்பனையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். ஓட்டமும் வேண்டாம் படிப்பும் வேண்டாம், சொன்ன பேச்சுக் கேட்காமல் பட்டினி கிடந்து ஓடி ஊர் பேரைக் கெடுத்தது போதும் என்கிறாராம்.

"நாஞ் சொன்னா நம்ப மாட்டேங்காரு டீச்சர். சார் எதுக்கு பொய் சொல்லப்போறாருன்னு கேக்காரு. கடைக்குப் போகச் சொன்னா கூட போறேன். ஆனா நான் சாப்ட்டேன்னு மட்டும் யாராச்சும் எங்கப்பாட்ட சொல்லுங்களேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிப் போனை வைத்திருப்பேன். மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கோட்டயம் வரை ரயில், அங்கிருந்து மலையேறும் பஸ். வளைவுக்கு வளைவு எழுந்து நின்ற என்னைக் கண்டக்டர் இரண்டு முறை திட்டினார்.

அவர்கள் வீடு எஸ்டேட் லயத்தில், தகரக் கூரை போட்ட வரிசையில் கடைசி. மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன், புட்டு, கடலைக்கறி, தண்ணீர், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர், நீங்க நல்லவங்க. புள்ளைங்க மேல பாசம். ஆனா அன்னைக்கு நீங்க அங்க இல்லையே. சார் இருந்தாரு. எங்களுக்கு ஃபாக்டரில ஆபீசர் ஒண்ணு சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எனக்குப் புரியவைக்கிற மாதிரி சொன்னார். அந்தப் பெண் கதவோரம் சுவரைப் பார்த்து நின்றாள். அவள் முதுகைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

"சரீங்கண்ணா. சார் சொன்னா நம்புவீங்கள்ல?" என்று போனை எடுத்தேன். லயத்துக்குள் ரேஞ்ச் இல்லை. மூவரும் தேயிலைச் சரிவுக்கு மேலே ரோட்டு வளைவுக்குப் போய், ஒரு குடைக்குள் நெருக்கி நின்றோம். தலைவரைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன், பிள்ளையின் அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்று முதலிலேயே சொன்னேன். அவர் குரல் கேட்டதும் அவள் அப்பா குடையை என் கையில் தந்துவிட்டு, மழையில் கைலியை இறக்கிவிட்டார். போனுக்கும் அந்த மரியாதை.

"ஆஹா, நன்னா இருக்கேளா? கொழந்தை எப்படி இருக்கா? ஒண்ணும் விசாரப்பட வேண்டாம். கமிட்டி எல்லாம் பார்த்து முடிவு சொல்லியாச்சு. வெயிலாக்கும் காரணம். யார் மேலேயும் தப்பில்லை" என்றார் தலைவர்.

அவள் அப்பா போனுக்குக் கிட்டே குனிந்தார். "வெயிலா சார்? அப்ப எம் புள்ள சாப்பிடலன்னு சொன்னீங்களே?"

"அதுவா? அது அன்னிக்குப் பதற்றத்துலே சொன்னதாக்கும். உங்களுக்கு ஏதாவது ஒண்ணு சொல்லணுமே. இப்போதான் கமிட்டியே சொல்லியாச்சே, அதை விட்டுடுங்கோ."

அவ்வளவு லேசாகச் சொன்னார். வெயில் அவரைக் காப்பாற்றிவிட்டது, அந்தப் பழைய பொய் இனி அவருக்குத் தேவைப்படவில்லை. தேவைப்படாததைக் கீழே போடுவதுபோல் போட்டுவிட்டார்.

"புள்ள தண்ணி கேட்டுச்சா சார்?"

"கேட்டா. எல்லாரும்தான் கேட்பா. நடுவுலே கொடுத்தா ஓட மாட்டாளேன்னு..." மீதி என்னவோ சொன்னார், மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. அதற்குமேல் கேட்கவும் அங்கே யாருக்கும் ஆசை இல்லை.

அவள் அப்பா வீட்டுக்குத் திரும்பி நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். வாசலில் நின்று, "நாளைக்கு நானும் வாரேன் டீச்சர். பெட்டியக் கட்டு" என்றார். முதல் பாதி எனக்கு, பின்பாதி அவளுக்கு.

மூவரும் பாலக்காடு வந்து சேர்ந்தோம். அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு அவர் நேராகத் துறை அறைக்கு வந்தார். அடிக்கப்போகிறாரோ என்று எனக்குள் ஒரு பயம், ஒரு ஆசையும்கூட. டீ நேரம் அது. நாலைந்து பேர் டம்ளரோடு இருந்தார்கள். அவர் தலைவரின் மேஜைக்கு முன்னால் முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார். கைலியைக் கீழே இறக்கிவிட்டார்.

"சார், நான் குடுத்த தேயிலையத் திருப்பிக் குடுங்க."

தலைவருக்குப் புரியவில்லை. "என்ன?" என்று சிரித்தார்.

"எம் புள்ள தப்புப் பண்ணிருச்சுன்னு மன்னிப்புக்குக் கொண்டாந்தது சார். அது தப்புப் பண்ணல. அதனால குடுங்க."

அறையில் ஒருவர் டம்ளரை மேஜைமேல் வைத்தார். இன்னொருவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். தலைவர் எதையாவது சொல்வார் என்று காத்திருந்தேன். எதிரில் இருப்பவர் சமாதானமாகும்படி ஏதாவது ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும். அன்றைக்கு அவர் எழுந்து அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தார். திறந்து பார்த்தார்.

"கொஞ்சம்தான் இருக்கு" என்றார்.

"இருக்கறதக் குடுங்க சார்."

பொட்டலத்தின் பழைய காகிதம் டப்பாவுக்குள்ளேயே இருந்தது. தலைவர் தன் கையாலேயே தேயிலையை அதில் கொட்டி மடித்தார். கொஞ்சம் மேஜையில் சிந்தியது, அதையும் விரலால் கூட்டி எடுத்துப் போட்டார். அவள் அப்பா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஒரு வார்த்தை உரக்கப் பேசவில்லை. கத்திப் பேசுவதைத் தவிர வேறு வழி தெரியாத நான் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தலைவர் இன்னும் தலைவர்தான். யாரும் அவரை ஒன்றும் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை. எனக்கு அதில் மனசு ஆறவே இல்லை. இந்த வருஷம் என் வேலையைப் புதுப்பிப்பார்களா என்பதும் தெரியாது. பயிற்சி காலைக்கு மாறிவிட்டது, தண்ணீர் பாட்டில்கள் மைதானத்தின் ஓரத்தில் இருக்கின்றன. யார் உத்தரவு என்று யாரும் கேட்கவில்லை. மதியத்தில் அந்த அறையில் இப்போது டீ போடுவதில்லை. தலைவர் என்னிடம் உட்காரச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

அன்றைக்கு அவரைப் பஸ் ஏற்றிவிட நானும் அந்தப் பெண்ணும் ஸ்டாண்டுக்குப் போனோம். பஸ் வந்து, படியில் ஒரு கால் வைத்தவர், எல்லா அப்பாக்களும் கேட்பதுபோல, யோசிக்காமல் திரும்பி, "சாப்ட்டியா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் ஏறுங்க ஏறுங்க என்று நெருக்கினார்கள்.

"சாப்ட்டேம்ப்பா" என்றாள்.

"ம். சாப்ட்டிருப்ப" என்றார் அவர்.